பதுளைக்காரனுக்கு இரண்டு கம்பு

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு, தங்கச்சி மகளின் கல்யாணத்துக்காகப் பதுளையிலிருந்து போய்வந்தேன். கொரோனா நேரத்தில் போகவேண்டாம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அதற்காகவே போனேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தங்கச்சி புருஷன், என் மச்சான், அடுத்த முறை சோறு போடமாட்டார்.

அந்த மச்சானிடமிருந்துதான் விஷயமே தொடங்குகிறது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனில் கோல் எடுத்தார். "மச்சான், கோயிலுக்குள்ள இத்தன பேருதான்னு சுகாதாரத்து பி.எச்.ஐ. சொல்லிட்டாரு. சமூக இடைவெளி பாக்கணும். நீங்க கஷ்டப்பட வேணாம். போன்லயே பாருங்க, வீடியோவுல காட்டச் சொல்றேன்" என்றார்.

முப்பது வருஷம் வெலிமடையிலிருந்து கிழங்கும் லீக்ஸும் ஏற்றிப் போன லொறிக்காரன் நான். பெரகலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லொறியை ஒரு கையால் நிறுத்தியவன். மறு கையில் பிளேன்டீ இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. இப்படிப்பட்டவன் சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்தைப் போனில் பார்ப்பதா? அதுவும் நான் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டால்தான் பெண் மணவறைக்குப் போவாள்.

மறுநாள் தங்கச்சி ரகசியக் குரலில் பேசினாள். "அண்ணே, நீங்க வராட்டி பக்கத்து வீட்டு ராசு அண்ணன வெச்சு மாலையைப் போட்ருவோம்னு இவரு சொல்றாரு."

அப்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. இடைவெளி என்பது நோய்க்கு இல்லை, எனக்கு. என் அனுபவத்தில் ஒரு சட்டத்தை ஒருவன் ஒழுங்காகப் பின்பற்றுகிறான் என்றால், ஒன்று பயம், இல்லாவிட்டால் இலாபம். மச்சானுக்கு என்ன இலாபம் என்று நேரில் போய்க் கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தேன். முகூர்த்தம் பதினொன்றரைக்கு.

காலை 5.40க்குப் பதுளை பஸ் ஸ்டாண்டில் பண்டாரவளை பஸ். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் 84 ரூபாய். ஆசனத்தில் உட்காரும் அளவுக்குத்தான் ஆள் ஏற்றலாம் என்பது சட்டம். எல்லோரும் மூக்கு வரைக்கும் மாஸ்க் போட்டு, கல்யாணப் பெண் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹாலிஎலவில் பொலிஸ் நின்றது. தாண்டியதும் நாற்பது மாஸ்க்கும் ஒரே நேரத்தில் தாடைக்கு இறங்கின. வழியில் கைகாட்டியவர்களை எல்லாம் கண்டக்டர் ஏற்றினார். "உள்ள போங்க, உள்ள போங்க, கொரோனா வெளியிலதான் இருக்கு" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஆகவே என் முதல் ஆராய்ச்சி முடிவு: மக்கள் இடைவெளி விடுவது காக்கிச் சட்டைக்குத்தான், கிருமிக்கு இல்லை. (இதற்குப் பட்டம் தேவையில்லை. ஏழாம் வகுப்புப் போதும்.)

பண்டாரவளையில் இறங்கும்போது ஏழு மணி. பெண்ணுக்கு எடுத்துவைத்த சேலையை வாங்க நம்ம நானாவின் புடவைக் கடைக்குப் போனேன். நானா என் பழைய முஸ்லிம் சிநேகிதர். பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்பாமல் இருந்ததில்லை. வழக்கமாக என்னைக் கண்டதும் கட்டிப்பிடிப்பார். அன்றைக்குக் கடை வாசலில் குறுக்கே கயிறு கட்டி, ஒரு மேசையும் போட்டு, அந்தப் பக்கம் நின்றார். சேலைப் பார்சலை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். நான் எடுத்தேன். காசை வைத்தேன். அதன் மேல் சனிட்டைசரைத் தெளித்தார்.

"என்ன நானா, காசுக்கும் காய்ச்சலா? இங்க பொலிஸ் ஒன்னும் இல்லையே, யாருக்குப் பயப்படுறீங்க?" என்று கேலி செய்தேன்.

நானா சிரிக்கவில்லை. "மவுத்துக்குப் பயமில்ல. அது வாற நாள் வரும். இதுல மவுத்தானா எரிக்கிறாங்களே, தெரியுந்தானே? வாப்பாக்கு எண்பத்திரண்டு வயசு, மேல்மாடியில ஓதிக்கொண்டு இருக்கார். அவரை அடக்க விடாமப் போனா நான் எந்த முகத்தோட இருக்க? அதுக்குத்தான் இந்தக் கயிறு."

நோயில் இறந்தவர் யாராக இருந்தாலும் எரிப்பது என்ற சட்டம் அப்போது இருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நெஞ்சில் கைவைத்துக் காட்டினேன். நானாவும் வைத்தார். என் ஆராய்ச்சி முடிவில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனாலும் மச்சான் விஷயம் வேறு. அவர் வீட்டில் எரிக்கும் வழக்கம்தான்.

பூக்கடையில் மாமன் மாலை வாங்கினேன். கடையிலேயே பெரிய மாலை. தொங்கவிட்டால் என் முழங்காலைத் தொடும், நானோ ஆறடிக்குச் சற்றுக் கூட. 8.10க்கு அடுத்த பஸ். அப்புத்தளையில் பனி இறங்கி, எதிரே வந்த வண்டியின் விளக்கு மட்டும் தெரிந்தது. டிரைவர் பையன் தடுமாறினான். பின் சீட்டிலிருந்து நான்தான் வளைவுகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, கூச்சம். பெரகலைச் சந்தியில் இடப்பக்கம் போனால் கொஸ்லந்தை, மீரியபெத்தை. நாங்கள் வலப்பக்கம் திரும்பினோம். 9.20க்கு ஹல்துமுல்லை.

அங்கிருந்து தோட்டம் ஒன்பது கிலோமீட்டர். ஓட்டோவுக்கு 600 ரூபாய். 700 கேட்டான், பேரம் பேசாமல் ஏறாதீர்கள். ஓட்டோக்காரப் பொடியன் நம்ம ஆள்தான். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"அங்கிள், கொந்தரப்பு வளைவு வரைக்குந்தான் போவேன். உள்ள விடமாட்டாங்க."

"யாரு, தொரையா?"

"தொரையாவது! தொரை சொன்னா யாரு கேக்குறா? பொம்பளைங்க. கம்போட நிப்பாங்க."

கம்பு என்றதும் என் சந்தேகம் தடித்தது. தோட்டமே ஒரு சட்டத்துக்குக் கட்டுப்படுகிறது என்றால் பின்னால் ஏதோ இருக்கவேண்டும். உலர் உணவுப் பார்சல் கிடைக்கிறதா? தோட்டத்து மேனேஜர் துரை எங்கேயாவது கெமரா பூட்டியிருக்கிறாரா? இல்லை, என் மச்சான் ஊரையே திரட்டி எனக்கு எதிராக நிறுத்தியிருக்கிறாரா? மூன்றாவதுதான் பொருத்தமாகப் பட்டது.

சொன்ன மாதிரியே அந்த வளைவில், பாதைக்குக் குறுக்கே மூங்கில் போட்டிருந்தது. அதன் பின்னால் ஒரு கங்காணி அம்மா. வயது ஐம்பது இருக்கும். தலையில் துண்டு, மூக்குக்கு மேல் மாஸ்க், கையில் மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல் படுக்கவைத்து மட்டம் பார்க்கும் மெல்லிய கம்பு அது. கொழுந்து எடுக்கிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும்.

"நில்லுங்கய்யா. எந்த ஊரு?"

"பதுளை. பொண்ணோட தாய்மாமன்."

"மாமனா இருங்க, ராசாவா இருங்க. பதுளை பெரிய ஊரு, அங்க நோயில்ல இருக்கு." கம்பை நீட்டினார். ஒரு நுனி அவர் வயிற்றில், மறு நுனி என் வயிற்றில். "இதான் ஒங்க நெரை. இதத் தாண்டுனா நெரை மாறுனதாக் கணக்கு. நெரை மாறுனவனுக்கு இங்க என்ன நடக்கும்னு தங்கச்சிகிட்ட கேட்டுக்கோங்க."

தோட்டம் பழகாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். மலையில் கொழுந்து எடுக்க இறங்கும்போது ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி. அடுத்தவள் நிரையில் கைவைத்தால் அன்றைக்கு மலையே இரண்டுபடும். அம்மாவும் மகளும் என்றாலும் நிரை நிரைதான். அந்த நிரையைத்தான் இவர்கள் இடைவெளியாக்கி வைத்திருந்தார்கள்.

மூங்கிலைத் தூக்கி என்னை விட்டார். தோட்டத்துக் கடை வாசலில் சாமான் வாங்க ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் நடுவே ஒரு மட்டக்கம்பு அளவு, நூல் பிடித்த மாதிரி. கூரையைப் பார்த்தேன், கெமரா இல்லை. முன்னும் பின்னும் பார்த்தேன், பொலிஸ் இல்லை. உணவுப் பார்சல்? கேட்டேன். ஒரு கிழவர், "பார்சலா? போன மாசம் வருதுன்னாங்க. இன்னும் நடந்து வருது போல" என்றார்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று வரிசையின் கடைசியில் நின்று, ஓர் அடி முன்னால் வைத்தேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்க்காமலே ஓர் அடி முன்னால் போனார். அவருக்கு முன்னால் நின்றவளும். இப்படியே போய், முதலில் நின்ற ஆள் கடைக்குள்ளே ஏறிவிட்டார். "யாருப்பா பின்னுக்கு நெரை மாறுறது?" என்று கடைக்காரர் கத்தினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய மனிதன் வந்திருக்கிறான் என்று மரியாதையாகப் பார்த்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

லயத்துக்குப் போனேன். ஒரே கூரை, பத்து வீடு, வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். வாசலில் ஓடும் சாக்கடைக் கானுக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்தி, சேலைப் பார்சலைக் கல்லின் மேல் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் மச்சான், பட்டு வேட்டியில்.

"வாங்க மச்சான். வர வேணாம்னு சொன்னா ஒங்களுக்கு வான்னு கேக்கும், தெரியும்" என்றார்.

"ராசுவுக்கு மாலை போடப் பழக்கியாச்சா?" என்றேன். "இடைவெளியாம் இடைவெளி! வாசல்ல நெரை போட்டு நிக்கிறீங்க. உள்ள ஒரு காம்பராவுல ஆறு பேரு படுக்குறீங்க. யாருக்குக் காது குத்துறீங்க?"

மச்சானுக்கு முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், என் பின்னாலேயே கம்போடு வந்திருந்த கங்காணி அம்மா பேசினார்.

"அதத்தான்யா சொல்றோம். உள்ளுக்கு ஒரு மீட்டரு இடைவெளியே கெடையாது. புருசன் இருமுனா பொண்டாட்டிக்கு, இந்த வீட்டுல தும்முனா அந்த வீட்டுக்கு. பத்து வீட்டுக்கும் ஒரே பைப்பு. ஒருத்தருக்கு வந்தா லயத்தையே பூட்டுவாங்க, பதினாலு நாளு. யாரும் பெரட்டுக்குப் போகேலாது, பேரு விழாது. பேரு விழலன்னா என்னத்தத் திங்குறது? உள்ளுக்கு இல்லாத மீட்டரு வெளியிலதான் இருக்கு. அதையும் ஒங்களுக்குக் குடுத்துட்டு நாங்க எங்க போக?"

பெரட்டு என்பது காலையில் வேலைக்குக் கூடும் இடம். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம்.

நான் விடவில்லை. "அப்ப பயம்தான்னு ஒத்துக்கோங்க."

"ஒங்களுக்குப் பயம்னு தெரிஞ்சா பயம்தான்" என்றார். "மீரியபெத்தையில மலை சரிஞ்சப்போ என் சின்னம்மா மண்ணுக்குள்ள போனாங்க. அதுக்கப்புறம் கவனமா இருன்னு யாராச்சும் சொன்னா இந்தப் பக்கத்துல யாரும் சிரிக்கிறதில்லைங்க." பிறகு கடைசி வீட்டுப் பக்கம் கம்பை நீட்டினார். அங்கே கொடியில் சின்னத் துணிகள் காய்ந்தன. "அந்தப் புள்ளைக்கு இன்னும் பேரு வெக்கல. இருபது நாளுதான் ஆகுது."

தங்கச்சி கதவோரத்தில் நின்றாள். "என்னம்மா, நீயுமா? அண்ணன் இருக்கும்போது ராசுவா மாலை போடுறது?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கங்காணி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ குசுகுசுத்தாள். கங்காணி அம்மா தலையாட்டிவிட்டு வீடு வீடாக வாசலில் நின்று பேசிக்கொண்டு போனார். தங்கச்சி உள்ளே போனாள், தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கல்யாணச் சேலை மாற்றப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். தங்கச்சியும் கங்காணி அம்மாவும் என்ன திட்டம் போடுகிறார்கள் என்ற யோசனையில் எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்குக் கோயில் மணி அடித்தது. கோயிலுக்குள் பெண், மாப்பிள்ளை, பூசாரி, பெற்றவர்கள், இன்னும் நாலைந்து பேர். மற்ற தோட்டம் முழுக்க மேலே மலையில் நின்றது. நல்ல நாள் சேலையும் சட்டையும் உடுத்தி, ஆளுக்கு ஒரு நிரையில், தேயிலைச் செடிக்கு நடுவே. கொழுந்து எடுக்கத்தான் நிற்கிறார்களோ என்று தோன்றும், கூடை மட்டும் இல்லை. நான் இந்தியா போயிருக்கிறேன், ஆயிரங்கால் மண்டபத்தில் கல்யாணம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கல்யாண மண்டபம் பார்த்ததில்லை. என்னைக் கோயில் வாசலுக்கு வெளியே, கடைசி நிரையில் தனியாக நிறுத்தினார்கள். ராசு கையில் ஒரு தட்டோடு பெண்ணின் அருகே நின்றார். கையிலிருந்த மாலை எனக்குக் கனத்தது. அது பெரிய மாலை என்பதால் மட்டுமில்லை.

திட்டம் நடக்கப் போகிறது என்று பல்லைக் கடித்தேன். அப்போது பெண் எழுந்து வெளியே வந்தாள். நேராக என் முன்னால், ஆனால் தூரத்தில், நின்றாள்.

கங்காணி அம்மா ஒரு கம்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். மட்டக்கம்புதான், ஆனால் இரட்டை நீளம். இரண்டு கம்பை நுனிக்கு நுனி வைத்துக் கட்டியது.

"பதுளைக்காரருக்கு ஒரு கம்பு பத்தாதுன்னு லயத்துல சொன்னாங்க. ரெண்டுன்னா பரவால்லன்னு ஒத்துக்கிட்டாங்க. மாலையக் கொளுவி நீட்டுங்க, மாமா!" என்றார். மலையிலிருந்து ஒருவன், "பாத்து மாமா, மீன் புடிக்கிற மாதிரி இழுத்துறாதீங்க!" என்று கத்தினான். மலை முழுக்கச் சிரிப்பு.

நுனியில் மாலையைக் கொளுவி நீட்டினேன். கம்பு வளைந்தது. லொறி ஸ்டியரிங் பிடித்த கை என்பதால் ஆடவில்லை. கொஞ்சம் ஆடியது காற்றால். பெண் தலையைக் குனிந்து மாலைக்குள் நுழைந்தாள். நிமிர்ந்தபோது மாஸ்க்குக்கு மேலே அவள் கண் நனைந்திருந்தது. "மாமா, ராசு மாமா தட்டுல ஒங்க போட்டோதான் வெச்சிருக்கு. நீங்க வராட்டி அதத் தொட்டுட்டு மாலை போட்டுக்குறதா இருந்தேன்" என்றாள்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் வேறு எங்கேயோ பார்த்தார்.

சாப்பாடு பார்சலாகத்தான் கிடைத்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், வடை. சாப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை, வடை மட்டும் எனக்கு ஒன்று குறைவு. 2.30க்கு இறங்கி, இருட்டும் நேரம் பதுளை.

அடுத்த பதினாலு நாளும் மச்சானுக்குக் கோல் எடுத்தேன். "யாருக்காச்சும் இருமலா?" என்பேன். "ஒங்களுக்கு?" என்பார். வைத்துவிடுவோம். பதினைந்தாம் நாள் காலையில் அவரே எடுத்தார். "பத்து வீடும் பெரட்டுக்குப் போயிருச்சு. புள்ளைக்கு நாளைக்குப் பேரு வெக்கிறாங்க" என்றார். அன்றைக்குத்தான் எனக்குக் காலைச் சாப்பாடு ஒழுங்காக இறங்கியது.

இதே மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு. பண்டாரவளையில் பஸ் மாறுங்கள், அப்புத்தளையில் மாறினால் பனியில் நிற்கவேண்டும். ஹல்துமுல்லை ஓட்டோவுக்கு 600க்கு மேல் கொடுக்காதீர்கள். மாஸ்க் இரண்டு கொண்டுபோங்கள். முக்கியமாக, உங்களைத் தள்ளி நிறுத்தினால் உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள். தள்ளி நிற்கச் சொல்கிறவருக்கு மேல்மாடியில் யார் இருக்கிறார், கடைசி வீட்டில் யார் இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். நான் விசாரித்ததால்தானே தெரிந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. எனக்கு மட்டும் இரண்டு கம்பு என்று அவமானப்படுத்த யோசனை கொடுத்தது யார்? மச்சான்தான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். நேற்று பெண் போட்டோக்களை அனுப்பியிருந்தாள். மாலை போடும் படத்தைப் போனில் பெரிதாக்கி, கம்புகள் சேரும் இடத்தைப் பார்த்தேன். துணியால் கட்டியிருந்தது. அரக்குக் கரை, அதில் மஞ்சள் மாங்காய்.

தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த கூறைச் சேலையின் கரை அது. கிழித்துக் கட்டியிருக்கிறாள். இருபத்தாறு வருஷமாகிறது, சாயம் கொஞ்சமும் போகவில்லை. சேலை எடுக்கத் தெரிந்தவன் எடுக்கவேண்டும்.